எலிக்கு வைத்த மருந்து வீட்டுக்கு ஆபத்து



தை, மாசி மாதம் வந்தால் நம் டெல்டா வீடுகளுக்கு நெல் வரும். கூடவே எலியும் வரும். சம்பா, தாளடி அறுவடை முடிந்து வயல் காலியானதும் வரப்பு எலிக்குத் தீனி இல்லை. அது ஊரைப் பார்த்து நகர ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு வளைக்குள் தண்ணீர் புகுந்தாலும் இதே கதைதான்.

நம் பகுதியில் தொழிற்சாலை என்றால் பெரும்பாலும் ரைஸ்மில்தான். பழைய மில், நெல் குடோன், கொள்முதல் நிலையம் என்று ஊருக்கு ஊர் இருக்கிறது. அதை ஒட்டிய தெருக்களில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். எலி ஒரு பக்கம், சாயங்காலம் விளக்குப் போட்டதும் பறந்து வந்து சாப்பாட்டுத் தட்டில் விழுகிற சின்னச் சின்ன வண்டு ஒரு பக்கம். மூடிக்கிடக்கிற மில் என்றால் இன்னும் மோசம். அங்கே எலியைக் கேட்க ஆள் இல்லை.

குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வருகிற பதில், "கடையில மருந்து வாங்கி வச்சா முடிஞ்சுபோச்சு" என்பதுதான். ஆகவே முதலில் அந்த மருந்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

பேஸ்ட் என்ற பெயரில் நஞ்சு

பற்பசை மாதிரியே ட்யூபில் வரும் எலி பேஸ்ட்டை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். இது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. இதற்கு மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது.

இதில் பெரிய மோசம் என்ன தெரியுமா? வாயில் போன அன்றைக்கு வாந்தி, வயிற்றுவலி வரலாம், வராமலும் போகலாம். அப்புறம் ஒன்றிரண்டு நாள், சில பேருக்கு மூன்று நாள்கூட, ஆள் நன்றாகவே இருப்பார். சாப்பிடுவார், நடப்பார். "ஒண்ணும் ஆகலை, நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கண் மஞ்சளாகும், ரத்தம் கசியும், நினைவு தடுமாறும். அந்த நேரத்தில் ஈரல் பெருமளவு கெட்டிருக்கும். சீக்கிரமே பெரிய மருத்துவமனைக்குப் போனவர்களில் சிலரை ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையால் காப்பாற்றுகிறார்கள். நாள் கடந்துவிட்டால் ஈரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். நம் வருமானத்துக்கு அது எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழகத்தில் இதனால் நிறைய உயிர் போனதால் 2022-ல் தமிழக அரசு இதன் விற்பனையைத் தடுக்க நடவடிக்கை எடுத்தது. ஆனால் எப்போதோ வாங்கிய ட்யூப் நம் வீட்டுப் பரணிலோ ஜன்னல் மாடத்திலோ இன்னும் கிடக்கலாம். இன்றைக்கே தேடிப் பாருங்கள். சின்னப் பிள்ளை அதைப் பற்பசை என்று நினைக்கும். பெரியவர்கள் விஷயமும் இருக்கிறது, வெளியே பேசக் கூச்சப்படுகிறோம். கடன் தொல்லையிலோ வீட்டுச் சண்டையிலோ மனம் உடைந்து நிற்கிற நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமல் இருந்தால், அந்த நேரம் கடந்துபோகும், ஆள் பிழைத்துக்கொள்வார். அப்படித் தவிக்கிற யாருக்காவது 14416 என்ற எண்ணைச் சொல்லுங்கள். 104-லும் பேசலாம். காசு கிடையாது.

எலி கேக் என்று விற்பது வேறு. அது ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். பாதிப்பு தெரிய சில நாள் ஆகும். அதற்கு வைட்டமின் கே ஊசி இருக்கிறது. கருப்புப் பொடியாக வருவது இன்னொரு வகை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு என்பதால், யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் அந்த அட்டையையோ ட்யூபையோ கையோடு எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பால், எண்ணெய் எதுவும் கொடுக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஆள் நன்றாக இருக்கிறார் என்று டாக்டர் சொல்வதற்கு முன் கூட்டி வந்துவிடாதீர்கள்.

நெல்லுக்குள் போடும் மாத்திரை

சில வீடுகளில் நெல் மூட்டைக்கும் பத்தாயத்துக்கும் வண்டு மாத்திரை போடும் பழக்கம் இருக்கிறது. அலுமினியம் பாஸ்பைடு என்பது அதன் பெயர். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து விஷவாயு கிளம்பும். பூண்டு நாற்றம் அல்லது மீன் நாற்றம் அடிக்கும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, கதவு இடுக்கு, சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைத்தான் முதலில் பிடிக்கும். குடோனில் பயிற்சி பெற்ற, உரிமம் உள்ள ஆட்கள் மட்டும் கையாள வேண்டிய பொருள் இது. யாராவது தெரிந்தவர் "ரெண்டு மாத்திரை இருக்கு, வச்சுக்க" என்று கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் என்ன நடந்தது என்பதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். எலித் தொல்லைக்காக ஆள் வைத்து வீட்டுக்குள் மருந்து வைத்தார்கள். ராத்திரி ஏ.சி. போட்டு அறையை மூடிக்கொண்டு தூங்கிய குடும்பத்தில் 2 குழந்தைகள் இறந்துபோனார்கள். தாய் தகப்பனும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்கென்று உள்ளவர்கள் வந்து வைத்த மருந்துக்கே இந்த நிலை.

அப்படியானால் எலியை என்ன செய்வது?

வீட்டுக்கு வருவதில் சுண்டெலி, வீட்டு எலி, பெருச்சாளி என்று வகை இருக்கிறது. "கீச் கீச்" என்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடுகிற நீள மூக்கு மூஞ்சூறு எலியே இல்லை. அது பூச்சி தின்னும் பிராணி. கரப்பானைப் பிடித்துத் தின்னும். நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான். அதை விட்டுவிடுங்கள்.

எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றில் 5 முதல் 8 குட்டி. அந்தக் குட்டி மூன்று மாதத்தில் தானும் குட்டி போட ஆரம்பிக்கும். ஆகவே நாலு எலியைக் கொன்றால் தீராது. வழியையும் தீனியையும் அடைக்க வேண்டும்.

பென்சில் நுழையும் இடுக்கில் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழையும் ஓட்டையில் எலி நுழையும். இந்த அளவை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கதவின் அடி, சாக்கடைக் குழாய் வெளியே போகும் இடம், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, கரண்ட் வயர் நுழையும் துளை. மண்ணை மட்டும் வைத்து அடைத்தால் மறுநாளே பறித்துவிடும். சிமென்டோடு கண்ணாடிச் சில்லு கலந்து அடையுங்கள். ஓட்டுச் சந்துக்குக் கம்பிவலை. கதவின் அடியில் தகரப் பட்டை. கூரையைத் தொடுகிற முருங்கைக் கிளை, தென்னை மட்டை எல்லாம் எலிக்கு ஏணி. வெட்டிவிடுங்கள். வைக்கோல்போரும் விறகு அடுக்கும் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம்.

ராத்திரி அடுப்படியில் ஒன்றும் திறந்து கிடக்கக் கூடாது. சோறு, தேங்காய் மூடி, கோழித் தீவனம் மட்டும் இல்லை, சோப்பைக்கூட எலி தின்னும்.

அப்புறம் பொறி. "வச்சேன், விழவே இல்லை" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். முதல் மூன்று நாள் பொறியைப் பூட்டாமல் இரை மட்டும் வையுங்கள். பயம் தெளிந்து தின்னப் பழகும். நாலாம் நாள் பூட்டுங்கள். எலி நடு அறையில் ஓடாது, மீசை உரச சுவரை ஒட்டித்தான் ஓடும். அதனால் பொறியின் வாய் சுவரோரம் இருக்க வேண்டும். இரைக்கு மசால்வடை, சுட்ட கருவாடு, சுட்ட தேங்காய்ச் சில்லு. ஒட்டும் அட்டை எங்களுக்குப் பிடிக்கவில்லை. கோழிக்குஞ்சும் பல்லியும் ஒட்டிக்கொண்டு துடிக்கும். விழுந்த எலியைக் கையால் தொடாமல், பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். பொறியை வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வயலில் வைக்கிற மூங்கில் வில் பொறிக்கு 'தஞ்சாவூர் கிட்டி' என்றே பெயர். வேளாண்மைப் புத்தகங்களிலும் இந்தப் பெயர்தான். நஞ்சு இல்லாமல் எலி பிடிக்கும் கலை நம் மாவட்டத்துக்குப் புதிதா என்ன? வயலில் பனைமட்டை நட்டு ஆந்தை உட்கார இடம் பண்ணுவதும் அப்படித்தான். ஆந்தையை அபசகுனம் என்று விரட்டுகிறோம். ராத்திரி நமக்காக எலி பிடிப்பது அதுதான். மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும், நம் வீட்டுப் பூனையும் சாகும்.

ஒரு வீடு மட்டும் பொறி வைத்தால் எலி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். இங்கேதான் குழு கைகொடுக்கும். குழுப் பணத்தில் பத்துப் பொறி வாங்கி, ஒரு தெரு முழுக்க ஒரே வாரத்தில் வைத்து, அடுத்த வாரம் அடுத்த தெருவுக்குக் கொடுக்கலாம். தீர்மான நோட்டில் எழுதிவைத்துச் செய்தால் முறையாக நடக்கும்.

எலி இருக்கும் வீட்டுக்குப் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல சமயம் கடித்த வலிகூடத் தெரியாது. கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு தூங்கினால் கொசுவோடு பாம்புக்கும் தடுப்பு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பதால் எலிக்காய்ச்சலும் வரும். நடவு நடுகிற நமக்குக் காலில் வெடிப்பும் சிராய்ப்பும் இல்லாத நாள் ஏது? காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் வயலில் வேலை செய்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

அரிசியில் வண்டு

அரிசி மூக்கு வண்டு மணியில் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை மூடிவிடும். புழு மணிக்குள்ளேயே வளரும். நம் வெயிலுக்கு ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். அதனால்தான் இன்றைக்குப் புடைத்துச் சுத்தம் செய்த அரிசியில் இருபது நாள் கழித்து மறுபடி வண்டு. "எங்கேருந்துதான் வருதோ" என்கிறோம். வெளியே இருந்து வரவில்லை, அரிசிக்குள்ளேயே இருந்தது.

வண்டுக்கு ஈரம் வேண்டும். நெல்லில் ஈரம் 12, 13 சதவீதத்துக்குள் இருந்தால்தான் மாதக்கணக்கில் நிற்கும். மீட்டர் இல்லாவிட்டாலும் பல்லில் கடித்துப் பார்ப்பது நமக்குத் தெரியும். 'டக்' என்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. காய்ந்த நெல்லை ஆறவிட்டு மூட்டை கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்க்கும். பழைய சாக்கை வெந்நீரில் முக்கிக் காயவைத்து எடுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். பழைய நெல்லோடு புது நெல்லைச் சேர்க்க வேண்டாம்.

வேப்பிலை, நொச்சி இலை போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பச்சையாகப் போட்டால் இலையின் ஈரம் நெல்லுக்கு ஏறும். நிழலில் உலர்த்திப் போடுங்கள். இலை வாசம் புது வண்டை அண்டவிடாது. ஏற்கனவே மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. அதற்கு வெயில்தான்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு குழாய்ப் பொறி செய்திருக்கிறது. உடம்பெல்லாம் துளை உள்ள குழாய். அரிசி டிரம்மில் நட்டுவைத்தால், காற்றைத் தேடி அலையும் வண்டு துளை வழியே நுழைந்து அடியில் விழும், ஏற முடியாது. வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கொட்டினால் போதும். நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் இதைப் பற்றி விசாரிக்கலாம்.

உளுந்து, பயறுக்கு வரும் வண்டு முழுப்பயறின் மேல்தான் முட்டை ஒட்டும். உடைத்துப் பருப்பாக வைத்தால் தொல்லை குறையும். விதைக்கு வைப்பது என்றால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவிப் பிசறிவையுங்கள்.

கரப்பானுக்கு ஒரே வார்த்தைதான்: ராத்திரி அடுப்படி காய்ந்து இருக்க வேண்டும். சொட்டுகிற குழாயைச் சரிசெய்தாலே பாதி போய்விடும். கரப்பான் சாக்பீஸும் நஞ்சுதான். பிள்ளைகள் சிலேட்டில் எழுத எடுத்துவிடும், வாங்க வேண்டாம்.

வீட்டில் பழைய பேஸ்ட் ட்யூப் கிடைத்தால் எரிக்காதீர்கள், வாய்க்காலிலோ குப்பையிலோ போடாதீர்கள். வெறுங்கையால் தொடாமல் எடுத்து, வீட்டுக்கும் கிணற்றுக்கும் அடிபம்புக்கும் நன்றாகத் தள்ளி, நாயும் கோழியும் கிளற முடியாத ஆழத்தில் புதைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.