நாளுக்கு 40 ரூபாய்... கடலோரக் கைம்பெண்களின் ஓய்வூதியக் கணக்கு!

ஏப்ரல் 15 வந்தால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டுவிடும். ஜூன் 14 வரை 61 நாள்கள் தடைக்காலம். நாட்டுப்படகில் வரும் மீன் மட்டும்தான் ஏலத்துக்கு. வரத்து குறைந்தால் விலை ஏறும். கூடையில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்கு முதல் போடவே பணம் போதாது. அவர்களில் கணவரை இழந்தவர்கள் மாதாமாதம் நம்பியிருப்பது விதவை ஓய்வூதியத்தைத்தான்.

2023 ஆகஸ்ட்டில் அந்தத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயானது. நாளுக்கு 40 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு தெரியுமா? இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியத் திட்டத்தில் 40 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 300 ரூபாய், அதாவது நாளுக்கு 10 ரூபாய். இது 2012-ல் நிர்ணயித்த தொகை. மீதி 900 ரூபாயை மாநில அரசு சேர்த்துக் கொடுக்கிறது. முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய பங்கு இன்னும் குறைவு. 60 வயதானவருக்கு 200 ரூபாய். 80 வயதானால்தான் 500.

போர்க்காலம் காட்டிய வழி

அடிப்படைத் தொகை போதாதபோது மேல்தொகை சேர்ப்பது பழைய வழக்கம்தான். இரண்டாம் உலகப்போர் நடந்த 1940-ல், பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியம் வாரம் 10 ஷில்லிங். விலைவாசியோ ஏறிக்கொண்டே போனது. முதியோருக்கும் 60 வயது கடந்த கைம்பெண்களுக்கும் தேவையை விசாரித்துக் கூடுதல் ஓய்வூதியம் தர அந்த ஆண்டே சட்டம் வந்தது. அரசு நினைத்ததைவிட மிக அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்குள் கிடந்த வறுமை அப்போதுதான் தெரியவந்தது.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அடுத்த ஆண்டு ஏப்ரலில், மாதம் 20 ரூபாயுடன் முதியோர் ஓய்வூதியம் தமிழகத்தில் தொடங்கியது. ஆதரவற்ற விதவைகளுக்கான திட்டம் 1975-ல் வந்தது.

கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால்?

விதவை ஓய்வூதியம் கேட்க, கணவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். கடலில் காணாமல்போனவரின் உடல் கிடைக்காவிட்டால் அந்தச் சான்றிதழ் எளிதில் கைக்கு வராது. 7 ஆண்டுகள் தகவலே இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கருத சட்டம் இடம் தருகிறது. அதுவரை வீட்டில் கணவர் இல்லை. காகிதத்தில் அவள் விதவையும் இல்லை. அதனால், காணாமல்போன உடனேயே காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் புகார் பதிவுசெய்து, நகலைப் பத்திரமாக வைத்திருப்பது முக்கியம். பின்னாளில் ஆண்டுக்கணக்கைக் காட்ட அந்தத் தாள்தான் உதவும்.

எப்படி விண்ணப்பிப்பது?

18 வயது நிறைந்த, மறுமணம் செய்யாத ஆதரவற்ற கைம்பெண்கள் மாநிலத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். ரேஷன் கார்டு, ஆதார், வங்கி பாஸ்புக், கணவரின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன் இ-சேவை மையத்துக்குப் போனால் போதும். விவரம் கேட்க, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரை அணுகலாம்.

உங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்கு இந்தத் தகவல் தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.