மழையைப் பார்த்து வெட்டிய குகைகள்

சித்திரை வெயிலில் விருதுநகர் மாவட்டம் ஆமத்தூரில் பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடி, ராத்திரி வெகுநேரம் வரை வீட்டுக்குள் அனலை இறக்கும். காரணம் எளியது. நம் கான்கிரீட் தளத்தின் கனம் நான்கைந்து அங்குலம்தான். சில மணி நேரத்தில் வெப்பம் அதைக் கடந்துவிடுகிறது. பாறையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே பகல், இரவு வெப்ப வேறுபாடு அநேகமாகத் தெரிவதே இல்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே துறவிகள் மலைக்குகைகளைத் தங்குமிடமாகக் கொண்டதில் இந்த அனுபவ அறிவு இருக்கிறது.

மதுரை மாவட்டம் மேலூர் அருகே மாங்குளம் மலையில் இதைப் பார்க்கலாம். இயற்கைக் குகைத்தளம், வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்லும் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துக் கல்வெட்டு. இது சமணர் இருக்கை. ஆனால் இங்கே உள்ள முக்கியமான நுட்பம் இலங்கை மிகிந்தலையின் பௌத்தக் குகைகளிலும் அப்படியே இருக்கிறது: நீர்வடி விளிம்பு.

குகைவாயிலுக்கு மேலே, பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறையை விட்டுப் பிரியாமல் ஒட்டியபடியே வழியும்; தடுக்காவிட்டால் விதானத்தைப் பற்றிக்கொண்டு படுக்கைவரை வந்துவிடும். காடியின் கூரிய விளிம்புக்கு வந்ததும் பிடிப்பு அறுந்து, துளிகள் வாயிலுக்கு வெளியே விழுந்துவிடும். சன்ஷேடின் அடிப்பக்கம் கொத்தனார் இழுத்துவிடும் பள்ளக்கோடு செய்யும் வேலையும் இதுதான்.

தண்ணீரைத் தள்ளிவிடுவது பாதி வேலை. மீதியைக் காண மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கான்ஹேரிக்குப் போக வேண்டும். கரும்பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்து, பல நூற்றாண்டுகள் இயங்கிய பௌத்த மடாலயம் அது. அறைக்கு முன்னால் நிழல் தரும் தூண் தாழ்வாரம், அமர்ந்து பேசக் கல் திண்ணை, முற்றத்தின் ஓரத்தில் பாறைக்குள் குடைந்த நீர்த்தொட்டி. மலைச்சரிவில் விழும் மழையைச் சிறு கால்வாய்கள் தொட்டிக்குக் கொண்டு சேர்க்கும். தொட்டியின் வாய் சிறியது, வயிறு பெரியது. வெயில் அதிகம் படாததால் நீர் ஆவியாவதும் பாசி பிடிப்பதும் குறைவு. தொட்டி வெட்டிக் கொடுப்பதைப் புண்ணியமாகக் கருதிக் கல்யாண் நகரத்து மக்கள் கொடையளித்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

அங்கே ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. அத்தனை பெய்தும், நான்கு மாதத்தில் மழை நின்றுவிடும் என்பதை மனத்தில் வைத்தே தொட்டிகளை வெட்டினார்கள். விருதுநகர் மாவட்டத்தில் பெய்வது சுமார் 800 மி.மீ.; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். சேமிக்க வேண்டிய அவசியம் அவர்களைவிட நமக்கே அதிகம்.

நாம் குகையில் குடியேற முடியாது. மலையைக் குடைவதும் இன்று சரியல்ல. ஆனால் குகை வெட்டியவர்கள் வேலை செய்த வரிசையைக் கற்றுக்கொள்ளலாம். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, சாரல் எங்கிருந்து வருகிறது, விழும் நீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானித்த பிறகே உளி எடுத்தார்கள். புது வீட்டுக்கு வானம் தோண்டும் முன்பு மேற்குச் சுவருக்கு நிழல், தளத்துக்கு வெப்பத் தடுப்பு, மாடித் தண்ணீருக்கு ஒரு தொட்டி ஆகிய மூன்றையும் வரைபடத்திலேயே சேர்த்துவிடுவோம். கட்டி முடித்த பிறகு இவற்றைச் செய்தால் செலவு கூடும், பலன் குறையும்.