இணையத்தில் தமிழ்ப் பாடவளம்: தேடலும் தேர்வும்



ஜெலாப்பாங்கில் என் வீட்டிற்கு அருகில் வாழும் இளம் ஆசிரியை ஒருவர் சில மாதங்களுக்கு முன் தம் மடிக்கணினியுடன் என்னைக் காண வந்தார். மறுநாள் அறிவியல் வகுப்பில் அவர் ஒளிச்சேர்க்கையைக் கற்பிக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் தேடியும் தமிழில் ஏற்ற விளக்கம் கிட்டவில்லை என்றும், ஆங்கிலக் காணொலி ஒன்றைக் காட்டிவிடலாமா என்றும் கேட்டார். இருவரும் சேர்ந்து தேடினோம். அரை மணி நேரத்தில் மூன்று நல்ல பக்கங்கள் கிட்டின. வளம் முன்பே இருந்தது. அது இருக்கும் இடமும் அதற்கு வழங்கும் பெயர்களுமே அவருக்குத் தெரியாமல் இருந்தன.

இதனைச் சிறிய செய்தியாக நான் கருதவில்லை. தமிழ்ப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமன்று. பிற பாடங்களைக் கற்பிக்கும் மொழியுமாகும். 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கை கைவிடப்படும் என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாறு மீண்ட இடத்தை, தமிழில் ஒன்றும் கிட்டவில்லை என்னும் சோர்வினால் நாமே விட்டுவிடலாகாது.

வளங்கள் இருக்கும் இடங்கள்

முதலில் இலக்கியம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, இலவசமாக வழங்கி வருகின்றனர். பாடல்களை எழுத்துவடிவில் வெட்டி எடுத்துப் பயிற்சித்தாளில் இடுவதற்கு இதுவே எளிய வழி.

சென்னையில் 1999-இல் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாக, 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் அந்நிறுவனத்தின் தளத்தில் மழலையர் பாடங்கள் முதல் உயர்கல்விப் பாடங்கள் வரை உள்ளன; பெரியதொரு மின்னூலகமும் உண்டு. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் நூலகம் என்னும் திட்டம் பேணி வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியைச் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் சொல் சொல்லாகத் தேடலாம்.

அறிவியலுக்கும் கணிதத்திற்கும் நாம் மறந்துவிடும் இரு மூலங்கள் உள்ளன. தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களும், இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்வழிப் பாடநூல்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நம் கலைத்திட்டம் வேறு. ஆயினும் இலையின் குறுக்குவெட்டுப் படம் எந்நாட்டிலும் ஒன்றே. இவற்றோடு 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையும் சேர்த்துக்கொள்க.

தேடும் சொல்

இடம் தெரிந்தாலும் சொல் தவறினால் பொருள் அகப்படாது. இங்குதான் மொழியியல் ஆசிரியருக்கு உதவுகிறது.

முதலாவது, கலைச்சொல் நாட்டுக்கு நாடு வேறுபடும். நாமும் தமிழ்நாட்டாரும் ஒளிச்சேர்க்கை என்பதை இலங்கையர் ஒளித்தொகுப்பு என்பர். ஆக்சிஜன் அவர்களிடம் ஒட்சிசன். அன்று அந்த ஆசிரியைக்குக் கிட்டிய மூன்று பக்கங்களுள் இரண்டு, ஒளித்தொகுப்பு என்று தேடிய பின்னரே அகப்பட்டன.

இரண்டாவது, தமிழ் ஒட்டுநிலை மொழி. மரம் என்னும் சொல் மரத்தை, மரத்தில், மரங்கள் என வடிவம் மாறும். எழுத்துத் தொடரை அப்படியே ஒப்பிடும் தேடுபொறிக்கு மரம் வேறு, மரத்தை வேறு. ஆகவே பாடநூல் வாக்கியத்தை முழுமையாக இடாமல், வேற்றுமை உருபு ஏற்காத பெயர்ச்சொற்கள் இரண்டு மூன்றை மட்டும் இடுக.

மூன்றாவது, சந்தி. நீர்ச்சுழற்சி, நீர்ச் சுழற்சி, நீர் சுழற்சி என ஒரே சொல் மூவகையாக எழுதப்படுகிறது. வலிமிகாமல் எழுதுவது பிழைதான். ஆயினும் பிழையாகத் தலைப்பிட்ட பக்கத்திலும் நல்ல படம் இருக்கக்கூடும். மூன்றையும் தேடிப் பார்க்க; வகுப்பறைக்கு எடுத்துச் செல்லும்போது திருத்திக்கொள்க.

தேர்வு

கிட்டியதையெல்லாம் வகுப்பில் காட்டுதல் கற்பித்தலாகாது. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதன் கலைச்சொல் நம் பாடநூலோடு ஒத்திருக்கிறதா? ஒவ்வாவிடில் நம் சொல்லைக் கரும்பலகையில் முதலில் எழுதி, மற்றதை அதன் அருகில் எழுதுக. ஒரு பொருளுக்குத் தமிழுலகில் இரு பெயர்கள் இருப்பதை அறிவது மாணவர்க்கு நன்மையே.

இதன் எழுத்துவடிவம் மாணவர்க்குப் பழக்கமானதா? தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் ஏற்கப்படுவதற்கு முன் அச்சான நூல்களின் ஒளிப்படிகளில் லை, னை முதலியவை யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவில் இருக்கும். சிறுவர் அங்கே தடுமாறுவர். அவர்களுக்கு எழுத்துருவில் உள்ள பதிப்பே ஏற்றது.

இது மனிதர் எழுதியதா, பொறி பெயர்த்ததா? பொறிபெயர்ப்பில் தாவரம் என வரவேண்டிய இடத்தில் ஆலை என்று வந்துவிடக்கூடும். ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்தால் தமிழறிந்த செவி அதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இதனைப் பயன்படுத்த நமக்கு உரிமை உண்டா? விக்கிப்பீடியாவின் உரையை மூலத்தைச் சுட்டி, அதே உரிமத்தின்கீழ் எவரும் பகிரலாம். இணையத்தில் கிடைக்கும் எல்லாமே அவ்வாறல்ல. மலேசியச் சட்டப்படி, பொதுவாக ஒரு நூலுக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு.

பள்ளிதோறும் ஒரு பட்டியல்

1985-இல் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது இம்மலேசிய மண்ணில்தான். கணினியில் தமிழை ஏற்றியதில் முன்நின்ற நாட்டவர், கணினியில் தமிழைத் தேடுவதில் பின்தங்கலாமா?

என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு பள்ளியும் ஒரு பட்டியலைத் தொடங்குக. பாடத்தலைப்பு, அதற்குரிய வெவ்வேறு தேடுசொற்கள், கிட்டிய பக்கம், சரிபார்த்த நாள் என நான்கு பத்திகள் போதும். புலனக் குழுவில் இன்று அனுப்பிய இணைப்பு நாளை மறைந்துவிடும். பட்டியலில் எழுதியது அடுத்து வரும் ஆசிரியருக்கும் நிற்கும். ஒருவர் ஒரு மணி நேரம் தேடியதை மற்றொருவர் மீண்டும் தேட வேண்டியதில்லை.

அன்று அந்த ஆசிரியை தம் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளிச்சேர்க்கை, ஒளித்தொகுப்பு என்னும் இரு சொற்களை எழுதிக்கொண்டு சென்றார். அப்பட்டியல் அங்கே தொடங்கிவிட்டது. மறுநாள் வகுப்பும் தமிழிலேயே நடந்தது.