கடலுக்கு அடியில் ஒரே ஒரு கேபிள்

இன்டர்நெட் சாட்டிலைட் வழியாகத்தான் வருகிறது என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாடுகளுக்கு இடையே தகவல்கள் பெரும்பாலும் கடலடி ஃபைபர் கேபிள்களில்தான் பயணம் செய்கின்றன. ஆழ்கடலில் இந்தக் கேபிள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப் பருமன்தான் இருக்கும். சென்னைக்கு இப்படிப் பல கேபிள்கள் வருகின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றவை சமாளித்துக்கொள்ளும்.

பசிபிக் கடலில் உள்ள டோங்கா தீவு நாட்டுக்கு 2022-இல் அந்த வசதி இல்லை. பிஜி தீவு வரை செல்லும் 827 கி.மீ. நீளக் கேபிள் ஒன்றுதான் அப்போது அதை வெளியுலகத்தோடு இணைத்த கடலடிக் கேபிள். சாஃப்ட்வேர் எழுதும் நாங்கள் எந்த சிஸ்டத்தைப் பார்த்தாலும், எந்த ஒரு பாகம் போனால் மொத்தமும் நின்றுவிடும் என்றுதான் முதலில் தேடுவோம். அன்றைய டோங்காவில் தேடவே வேண்டியிருக்கவில்லை!

2022 ஜனவரி 15 மாலை, தலைநகரிலிருந்து சுமார் 65 கி.மீ. தொலைவில் கடலடி எரிமலை வெடித்தது. சுனாமி எழுந்தது. கேபிள் அறுந்தது. ஒரு லட்சம் பேர் வாழும் நாடு உலகத்தின் காதுக்கு எட்டாமல் போனது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேலை செய்யும் டோங்காக்காரர்கள், வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் நாள்கணக்கில் தவித்தார்கள். ஊரில் பல குடும்பங்கள் நம்பியிருப்பது அவர்கள் அனுப்பும் பணத்தை. அதுவும் அப்போது கேபிள் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. கரையிலிருந்து கேபிளுக்குள் ஒளியை அனுப்புவார்கள். அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுவார்கள். பிறகு கப்பல் போய், கொக்கி போட்டுக் கேபிளைத் தூக்கி, புதுத் துண்டை ஒட்டவைக்கும். டோங்காவில் எரிமலைச் சேறு கேபிளைப் பல இடங்களில் அறுத்துப் புதைத்திருந்ததால், தலைநகர்த் தீவுக்கு இணைப்பு திரும்ப ஐந்து வாரங்கள் ஆயின. வடக்கே உள்ள தீவுகளுக்குச் செல்லும் உள்நாட்டுக் கேபிள் சரியாக சுமார் ஒன்றரை ஆண்டு பிடித்தது.

இவ்வளவு பெரிய வெடிப்பில் டோங்காவில் உயிரிழந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கடல் பொங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். மாங்கோ என்ற குட்டித் தீவில் வீடுகள் எல்லாம் போயின. மக்களில் பெரும்பாலோர் உயிர் தப்பினார்கள். சாம்பல் மூடிய விமான ஓடுபாதையை ஆட்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு சுத்தம் செய்தார்கள். ஜனவரி 20 அன்று நிவாரண விமானம் இறங்கியது. இதில் எதற்கும் இன்டர்நெட் காத்திருக்கவில்லை.

நம் ஊரில் புயல் அடித்தால் கரன்ட்டும் நெட்டும் சேர்ந்தே போகின்றன. உங்கள் வீட்டு போட்டோக்கள், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் ஆன்லைனில் மட்டும் இருந்தால் அன்றைக்கு அவற்றைத் திறக்க முடியாது. பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள். இன்னொன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பது நல்லது, வெள்ளம் பென் டிரைவையும் விடாது. முக்கியமான போன் நம்பர்களைப் பேப்பரில் எழுதுங்கள். பேட்டரி ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மோடத்தை அரை மணி நேரம் அணைத்துவிட்டு, உங்கள் கம்ப்யூட்டரில் எந்த ஃபைல்கள் திறக்கின்றன என்று பாருங்கள். திறக்காதவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மோடத்தைப் போட்டதும் அவற்றை முதலில் காப்பி செய்யுங்கள்.