ஓநாயில்லாக் காட்டில் ஓரிரவு

மன்னார்த் தீவிலுள்ள பள்ளிமுனைக்குச் சென்றவர்கள் அங்குள்ள பெருக்கமரத்தைப் பாராமல் திரும்பியிருக்கமாட்டார்கள். பத்தொன்பது மீற்றருக்கு மேற்பட்ட அடிச்சுற்றளவுடன் தலைமுறை தலைமுறையாக நிற்கும் அம்மரத்தை அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது மரபு. வைகாசி இறுதியில் ஒரு மாலைப்பொழுது அம்மரத்தடியில் அமர்ந்திருந்தோம். மடுத் திருவிழாவுக்கு இம்முறை நடந்தே போவதென்று வீட்டார் முடிவு செய்திருந்தனர். எங்கே தங்குவது, எதைக் கொண்டுபோவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் மருமகன் என் கையைப் பிடித்திழுத்தான்.

“மாமா, மடுக் காட்டிலை ஓநாய் இருக்கோ?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுக்காட்டில் இரவு தங்கப் போகிற ஒருவன் கேட்கவேண்டிய கேள்வியை அங்கு கேட்டவன் அவன் ஒருவனே. ‘அந்தக் காட்டில் என்ன இருக்கிறது? அதனிடம் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?’ என்பதல்லவா அவன் கேள்வியின் பொருள்? அதற்குரிய விடையே இக்கட்டுரை.

ஓநாய் எங்கே?

ஓநாய் இலங்கையில் இல்லை. பண்டைக்காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. நரி, கரடி, சிறுத்தை ஆகியன இன்றும் இருகரையிலும் வாழ்கின்றன. ஓநாயோ அக்கரையில் மாத்திரமே உள்ளது. தக்காணத்தின் வறண்ட வெளிகளிலும் வடஇந்தியச் சமவெளிகளிலும் ஆட்டுமந்தைகளைப் பின்தொடர்ந்து வாழ்வது அதன் இயல்பு.

பொதுவாக மனிதனைக் கண்டால் ஒதுங்கிச் செல்லும் விலங்கு அது. ஆயினும் 2024ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்திலே ஓநாய்கள் இரவு வேளைகளிற் கிராமங்களுக்குட் புகுந்து பலரைக் கொன்றன. மாண்டவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள். திறந்த வெளியிலும் கதவில்லாத குடிசைகளிலும் உறங்கிய ஏழைக் குழந்தைகள். ஓநாயில்லாத நமக்கும் அதிலொரு பாடமுண்டு. திறந்த வெளியில் உறங்கும்போது குழந்தைகள் நடுவிலும் பெரியவர்கள் சுற்றிலும் படுக்க வேண்டும். பழைய வண்டிக்காரர்கள் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, நடுவிற் பெண்களையும் பிள்ளைகளையும் உறங்கவைத்ததும் இக்காரணம் பற்றியே.

நம் காட்டில் அந்திவேளையில் ஊளையிடுவது நரி. அதனால் ஓர் ஆபத்தே உண்டு; ஆனால் அது பெரிய ஆபத்து. நீர்வெறுப்பு நோய் கண்ட நரி மனித அச்சமின்றிக் கூடாரத்துக்குள்ளேயே வந்து கடிக்கும். பகலில் தள்ளாடி வரும் நரியையோ, கிட்டப்போனாலும் விலகாத நரியையோ கண்டால் பிள்ளைகளை அகற்றிவிட வேண்டும். கடிபட்டால் சவர்க்காரமிட்டு, ஓடுகின்ற நீரிற் பதினைந்து நிமிடங்கள் காயத்தைக் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி ஏற்றிக்கொள்ள வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின்னர் மருந்தில்லை.

பெரியவர் சொன்ன கதை

மருமகனின் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மெல்லப் பேசத் தொடங்கினார். எண்பதைக் கடந்தவர். ஆயுள் முழுவதும் கடலிற் கழித்தவர்.

“ஓநாய் இல்லைத்தான். ஆனால், தம்பி, கரடி இருக்கு.”

அவர் சிறுவனாயிருந்த காலத்தில் மடுவுக்கு மாட்டுவண்டியிற் போவார்களாம். உயிலங்குளம், முருங்கன் கடந்து, வழியில் இரவு தங்கித்தான் செல்ல வேண்டும். ஒருமுறை அவருடைய தாய்மாமன் விடியற்புறத்தில் துவக்கை எடுத்துக்கொண்டு வண்டிகளுக்கு முன்னே தனியாக நடந்தார். முயலோ காட்டுக்கோழியோ அகப்படுமென்ற எண்ணம். வேட்டைப் பழக்கமுள்ளவர், காலடி ஓசை கேளாமல், காற்றுக்கு எதிர்முகமாக நடந்தார். ஒரு திருப்பத்திற் புற்றுக்குப் பின்னால் கரடி நின்றது. துவக்கைத் தூக்க நேரமிருக்கவில்லை.

“மாமா உயிரோடை வந்தார். முகம் வரேல்லை” என்றார் முதியவர். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்பு அவரே சொன்னார்: “பின்னாலை வந்த வண்டியளிலை பொம்பிளையள் பாடிக்கொண்டு வந்தவை. ஒரு கரடியும் கிட்ட வரேல்லை. கடலிலை காத்தைப் பாத்து ஓடுறம். காட்டிலையும் காத்தைத்தான் பாக்கவேணும், தம்பி.”

காற்றும் ஓசையும்

அம்முதியவர் சொன்னதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. கரடிக்குக் கண்பார்வை மந்தம், மோப்பம் கூர்மையானது. எதிர்க்காற்றில் நாம் நடந்தால் நம் வாடை அதற்கு எட்டாது. புற்றைத் தோண்டிக் கறையானை உறிஞ்சும்போது அது எழுப்பும் இரைச்சல் வெகுதூரம் கேட்கும். அவ்விரைச்சலில் நம் காலடி அதற்குக் கேளாது. ஆகவே நாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பின்னரே அது நம்மைக் காண்கிறது. ஓட வழியில்லையென்று திகிலடைந்து, பின்னங்கால்களில் எழுந்து முகத்திலும் தலையிலும் அறைகிறது. அது நம்மை உண்ண வருவதில்லை, பயத்தினாலேயே தாக்குகிறது.

வேட்டைக்காரனின் திறமைகள் யாவை? ஓசையின்றி நடத்தல், எதிர்க்காற்றிற் செல்லல், தனித்துத் திரிதல், விடியலிலும் அந்தியிலும் உலாவுதல். இவை யாவும் கரடியை அருகில் எதிர்ப்பட வைக்கும் செயல்கள். யாத்திரிகக் குடும்பத்தின் வழக்கங்களோ கூட்டமாகச் செல்லல், பேசிப் பாடி நடத்தல், விளக்கேந்துதல், வெயிலேறிய பின் புறப்படுதல் என்பன. காட்டில் உயிரைக் காப்பவை இவையே.

மடுத் திருவிழாக்கள் ஆடி 2ஆந் திகதியும் ஆவணி 15ஆந் திகதியும் நடைபெறுகின்றன. இங்கு நான் குறிப்பது ஆங்கில மாதக் கணக்கில் யூலையும் ஓகஸ்டும். முதல் திருவிழாக் காலத்திலேயே பாலைமரங்கள் பழுத்துக் கிடக்கும். பாலைப்பழத்தின்மீது கரடிக்கு உள்ள ஆசை சொல்லுந்தரமன்று. மரத்திலேறிக் கிளைகளை ஒடித்து உண்ணும். பாலைப்பழம் நமக்கும் இனிக்கும். ஆயினும் பழம் பொறுக்கப் பிள்ளைகளைக் காட்டுக்குள் தனியே விடலாகாது. பாலைமரத்தடியிற் படுக்கை விரிப்பதும் தகாது.

கரடி எதிர்ப்பட்டால் என்ன செய்வது? ஓடலாகாது, அது நம்மிலும் விரைவாக ஓடும். மரத்திலேறலாகாது, அது நம்மிலும் நன்றாக ஏறும். தொலைவில் நின்றால், அதனை நோக்கியவாறே மெல்லப் பின்வாங்க வேண்டும். முதுகிற் குட்டிகளைச் சுமந்துசெல்லும் தாய்க்கரடிக்கு இருமடங்கு இடம் கொடுக்க வேண்டும். பாய்ந்து தாக்கிவிட்டால், குப்புற வீழ்ந்து, முகத்தை நிலத்தில் மறைத்து, இரு கைகளையும் பிடரியிற் கோத்து அசையாமற் கிடப்பதே வழி. எதிரி அசையவில்லையென்று கண்டால் பெரும்பாலும் அது விலகிவிடும்.

யானையும் சிறுத்தையும்

பேச்சுவழக்கில் நாம் புலியென்று சொல்லும் சிறுத்தையைப்பற்றி அஞ்சுவோர் பலர். கிழக்கிலங்கையிலுள்ள புனாணையில் ஒரு டசினுக்குக் குறையாத மனிதரைக் கொன்ற சிறுத்தையொன்று 1924ஆம் ஆண்டில் சுடப்பட்டது. அதன் பதனிட்ட உடல் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழிந்தும் அக்கதையே பேசப்படுவதிலிருந்து, அத்தகைய நிகழ்ச்சி நம் நாட்டில் எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

யானையின் கணக்கு வேறு. அண்மை ஆண்டுகளில் இலங்கையில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட மனிதர் யானையால் மடிகின்றனர். முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் மடிகின்றன. குளக்கரையும் யானைத் தடமும் கூடாரமடிக்க ஏற்ற இடங்களல்ல. புதிய இலத்திக் குவியலோ வட்டமான பெரிய அடிச்சுவடுகளோ தெரிந்தால் இடத்தை மாற்றுக. நெல், உப்பு, பழம் ஆகியவற்றின் வாசனை யானையை இழுக்கும். அவற்றைத் தலைமாட்டில் வைத்து உறங்கலாகாது. இருட்டியபின் ஒருவர் தனியே ஒதுக்குப்புறம் போவதும் கூடாது. இருவர், கையில் மின்சூளுடன், பேசிக்கொண்டு செல்லட்டும்.

காலடியிலுள்ள ஆபத்து

கரடியையும் யானையையும் நினைத்து அஞ்சுகிற நாம், பாய்க்கடியில் வரும் ஆபத்தை மறந்துவிடுகிறோம். எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் வழங்கும் பாம்பு இரவில் உலாவுவது; தரையில் உறங்குவோரையே பெரும்பாலும் தீண்டுவது. அதன் கடி எறும்புக்கடிபோலச் சிறிதாயிருக்கும், சிலருக்கு உறைப்பதேயில்லை. விடியற்புறத்தில் வயிற்றுவலியென்று எழுவார்கள். கண்ணிமை தானே தாழும், விழுங்குதல் கடினமாகும், பின்பு மூச்சுத் தடைப்படும். காட்டில் உறங்கியெழுந்த பிள்ளை காரணமின்றி வயிறு நோகிறதென்று சொன்னால், நேற்றைய உணவைக் குறைகூறி இருந்துவிடாதீர்கள்.

இதைத் தடுக்கும் கருவி மிக எளியது: நுளம்புவலை. வலையின் ஓரங்களை நான்கு புறமும் பாய்க்கடியிற் செருகிவிட்டால் நுளம்பும் வராது, பாம்பும் வராது. நிலத்தை விட்டு உயர்ந்த கட்டில் அதனினும் நன்று. காலணியை உதறிப் பார்த்தபின் அணிக. விறகை இருட்டிற் கைவிட்டு எடுக்கலாகாது.

மடுப் பதியின் மண்ணைப் பாம்புக்கடிக்குக் காப்பாகக் கொண்டுசெல்வது நம் முன்னோர் வழக்கம். அந்நம்பிக்கையைக் குறைகூற நான் வரவில்லை. மண்ணை நெற்றியிலிட்ட கையாலேயே நோயாளியை வண்டியிலும் ஏற்றுங்கள் என்பதே என் வேண்டுகோள். காயத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கு தருபவை. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாமல் முருங்கன் அல்லது மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். இவ்விலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் மனனஞ் செய்விக்க வேண்டும்.

மனிதன் வைத்த பொறி

காட்டிலுள்ள கொடுமைகளில் விலங்கினால் வருவன பாதி. மனிதனால் வருவன மற்றப் பாதி. மானுக்கும் பன்றிக்குமென்று தடத்தின் குறுக்கே கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, கயிற்றிற் கால் பட்டதும் வெடிக்கும். மானின் மார்புக்குக் குறிவைத்தது மனிதனின் காலைச் சிதைக்கும். கம்பிக் கண்ணியோ சிறுத்தையையும் கரடியையும் பிடித்து வதைத்துக் கொல்கிறது. ஆதலால் ஒற்றையடித் தடங்களில் நுழையாது, பலரும் செல்லும் பாதையிலேயே செல்க. போர்க்காலத்தின் எச்சமாகிய மிதிவெடி எச்சரிக்கைப் பலகையை எங்கே கண்டாலும் ஓரடியும் முன்வைக்க வேண்டாம்; வந்த சுவட்டிலேயே திரும்புக.

வேட்டைக்கென்று காட்டிற் புகுவோருக்கும் ஒரு வார்த்தை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானை, கரடி, சிறுத்தை முதலியவற்றைக் காக்கிறது. 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்து மன்னாருக்குத் தெற்கே பரந்து கிடக்கிறது. கரடியைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் அங்கே வாகனத்திலிருந்தவாறே பார்க்கலாம்; குறிப்பிட்ட இடங்களிலன்றி இறங்கலாகாதென்பது விதி. கண்ணாற் காண்பதற்குத் துவக்கு வேண்டியதில்லை.

தீயும் காற்றும்

திருவிழாக் காலம் சோளகம் வீசும் காலம். மன்னார்க் கரையிற் பாய்மரத்தைச் சாய்க்கும் அதே காற்று, காட்டிலே ஒரு பொறியைப் பெருநெருப்பாக்கிவிடும். சருகை அகற்றி, பள்ளந் தோண்டி, கற்களை அடுக்கியபின்பே அடுப்பு மூட்டுக. கூடாரம் அடுப்புக்குக் காற்றுப்பக்கமாக இருக்கட்டும். புறப்படும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுச் சூடில்லையென்று கண்டபின் செல்க. கட்டுக்கரைக் குளம் முதலிய நீர்நிலைகளில் முதலையுண்டு. நீராடுவதற்கு ஊரார் காட்டும் துறையையே கேட்டறிந்து இறங்குக.

கேள்வியும் விடையும்

1670ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் ஆட்சியின் நெருக்குதலுக்கு அஞ்சிய மாந்தைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்னையின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டிற் புகுந்தன. மின்சூளில்லை, மருந்தில்லை, பாதையில்லை. ஆயினும் நாட்டில் வாழ இடமற்றவர்களுக்குக் காடு இடங்கொடுத்தது. அன்று அவர்கள் அஞ்சி ஓடியது விலங்குக்கன்று என்பதை நாம் மறக்கலாகாது. காடு பகைவனன்று; தன் ஒழுங்கை உடைய ஒரு வீடு. பிறர் வீட்டுக்குப் போகிறவன் வாசலில் நின்று குரல் கொடுப்பதுபோல, காட்டுக்குப் போகிறவனும் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

இவ்வளவையும் மருமகனுக்கு விளங்கும்படி சுருக்கிச் சொன்னேன். அவன் சற்று யோசித்தான்.

“அப்ப, மாமா, நாங்கள் போற வழியெல்லாம் பாடிக்கொண்டு போகலாமோ?”

“போகலாம்” என்றேன். “போகத்தான் வேணும்.”

முதியவர் தலையசைத்தார். கடற்காற்றிற் பெருக்கமரத்தின் இலைகள் சலசலத்தன. பையன் அப்போதே பாடத் தொடங்கிவிட்டான்.