அறுக்காமல் விட்டுவைக்கும் சிறு பாலம்

நீலகிரியில் தேயிலை பயிரிடும் அங்கத்தினர்களுள், நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரத்தை அறியாதார் இலர். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் பலகையாகவும் ஒட்டுப்பலகையாகவும் பயன்படுகிறது. இத்தகைய பலகைகளைக் கணினியின் கட்டளைப்படி குடைந்து வெட்டும் யந்திரம் இன்று சிறு பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. அதனை சிஎன்சி ரௌட்டர் என்பர். பெட்டியின் பக்கமாயினும், தறிக்கு வேண்டிய மரச்சாமானாயினும், ஒரே அளவில் பல துண்டுகளை அது வெட்டித் தரும்.

ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. துண்டு பலகையிலிருந்து முற்றிலும் விடுபடும் கடைசிக் கணமே அபாயமான கணம். அதுவரை அசையாதிருந்த துண்டு, பிடிப்பு அற்றதும், நிமிஷத்துக்கு 18,000 முறை போலச் சுழலும் கத்தியில் சிக்கிக் கொள்கிறது. துண்டு பாழாகும், கத்தி ஒடியும், அருகில் நிற்பவரின் கண்ணுக்கும் கைக்கும் ஊறு நேரலாம்.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. துண்டைச் சுற்றி அடிவரை வெட்டும்போது, மூன்று நான்கு இடங்களில் மட்டும் சிறிது மரத்தை விட்டுவைக்க வேண்டும். பட்டறையில் இதனை டேப் என்கிறார்கள். 18 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைக்கு, 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலமும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனமும் பெரும்பாலும் போதும். அவ்விடம் வந்ததும் கத்தி சற்றே மேலெழுந்து தாண்டிச் செல்லும். யந்திரம் நின்ற பின்னர் உளியால் தறித்து, உப்புத்தாளால் தேய்த்துவிடலாம்.

காற்றை உறிஞ்சிப் பலகையைப் பிடிக்கும் மேஜை இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் வினவலாம். மலையில் வாழும் நாம் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மேஜையில் பலகையை அழுத்திப் பிடிப்பது பம்பு அன்று. மேலே உள்ள காற்றின் பாரமே. கடல்மட்டத்தில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலோ முக்கால் கிலோவுக்குச் சற்றே அதிகம். குன்னூரிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே சமவெளியில் உறுதியாக நிற்கும் சிறு துண்டு இங்கே நழுவக்கூடும். வெட்டிய தடத்தின் வழியே காற்று கசியும்போது பிடிப்பு மேலும் தளரும். ஆதலால் சமவெளிப் பட்டறையைவிட நமக்கே இப்பாலங்கள் அதிக அவசியம்.

இவற்றை மூலையிலும் வளைவிலும் வையாமல், நேரான பக்கங்களில் எதிரெதிராக வைப்பது நலம். தேவைக்கு மேல் வைத்தால் தறிக்கும் வேலை பெருகும். பொறுமையின்றிக் கையால் முறித்தால் நார் பிய்ந்து துண்டின் விளிம்பு கெடும்.

இத்தத்துவம் நம் மலைக்குப் புதிதன்று. கேத்தி ஊசித் தொழிற்சாலைக்குரிய நிறுவனம் 1949-இல் தோன்றியது. ஊசித் தொழிலின் பழைய முறையில், இரண்டு ஊசி நீளமுள்ள கம்பியின் இரு முனைகளையும் தீட்டி, நடுவில் இரண்டு காதுகளைத் துளைப்பர். ஒன்றையொன்று பற்றி நிற்கும் அவ்விரண்டையும் அதன் பின்னரே பிரிப்பர். பழைய பாவின் நுனியைத் தறியில் விட்டுவைத்துப் புதுப்பாவை அதனோடு பிணைக்கும் நெசவாளருக்கும் இவ்வுண்மை தெரிந்ததே.

வேலை முடியும் வரை பிடிப்பு வேண்டும். முடிந்த பின்னரே பிரிவு. இச்சிறு சிக்கனத்தைக் கைக்கொண்டால் மரமும் மிஞ்சும், விரலும் பிழைக்கும்.