புகைபோக்கியில் ஓடும் வளியை அளத்தல்

புழுங்கல் ஆலையை அடுத்துத் தோட்டஞ் செய்யும் கமக்காரர், அறுவடைக்குப் பிந்திய வாரங்களில் கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் இலைகள் மீது நரைத்த தூள் படிந்திருப்பதைக் கண்டிருப்பர். வவுணதீவில் ஒரு கமக்காரர் அத்தகைய இலையொன்றை எம்மிடங் கொணர்ந்து, "ஐயா, இது நாளொன்றுக்கு எவ்வளவு விழுகின்றதென்று யாரேனும் அளந்ததுண்டா?" என வினவினார். அவ்வினாவை முன்னிட்டே இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

நூறு கிலோகிராம் நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோகிராம் உமி கிடைக்கும். அவ்வுமியை எரித்தால் 4 கிலோகிராம் வரை சாம்பல் எஞ்சும். இச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. எளிதில் உக்கி மறையாதது. கனத்த பகுதி உலையிலேயே தங்கிவிட, நுண்ணிய பகுதி புகையுடன் மேலெழுந்து, காற்றுப் போகும் திசையிற் சென்று விழுகின்றது. இலையின் மீது தடிப்பாகப் படியுமாயின் வெயில் உட்புகுவது குறையும், இலைத்துளைகளும் அடைபடும்.

புகை கறுப்பாகத் தோன்றினால் அதிக சாம்பல் என்றும், வெளுப்பாகத் தோன்றினால் குறைவு என்றும் பலர் எண்ணுவர். இது முற்றிலும் சரியன்று. உன்னிச்சைக் குளத்து வாய்க்காலில் ஒரு குடம் நீர் மொண்டு, அடியிற் படிந்த சேற்றை மட்டும் பார்த்து, அன்று வயலுக்கு வந்த வண்டல் இவ்வளவு எனக் கூற இயலுமா? வாய்க்காலின் அகலமும் ஆழமும் நீரோட்டத்தின் வேகமும் தெரிதல் வேண்டுமன்றோ? புகைபோக்கியும் ஒரு வாய்க்காலே. நீருக்குப் பதிலாக வளி ஓடுகின்றது, அவ்வளவே வேறுபாடு.

ஓர் உதாரணம் காண்போம். 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள புகைபோக்கியில் செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்திற் புகை ஓடுமாயின், மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 8,100 கன மீற்றர் வெளியேறும். ஒரு கன மீற்றரில் 200 மில்லிகிராம் தூள் இருப்பின், ஒரு மணித்தியாலத்தில் 1.6 கிலோகிராம் தூள் வெளிவரும். இப்பொழுது புகைக்குழாயில் ஒரு கதவைத் திறந்து, புகையளவுக்குச் சமமான வெறுங் காற்றையும் உட்புகவிட்டால், ஒரு கன மீற்றரிலுள்ள தூள் 100 மில்லிகிராமாகக் குறையும். தாளில் எழுதினால் பாதி குறைந்ததாகத் தோன்றும். ஆயின் ஓடும் அளவு இரட்டிப்பதால் தோட்டத்தில் விழுவது அதே 1.6 கிலோகிராம்தான். பாலில் நீர் கலந்தாற் பாலின் சத்துக் கூடுவதில்லை. இங்கு சாம்பல் குறைவதுமில்லை. இந்தத் தந்திரத்தை வெளிப்படுத்துவது வளியோட்ட அளவு.

இதனை இடைவிடாது அளந்து தெரிவிக்கும் கருவியே வளியோட்ட அறிவிப்புக் கருவி. ஆங்கிலத்தில் எயர்புளோ ட்ரான்ஸ்மிற்றர் என்பர். இதன் அடிப்படையைப் பிரான்சு நாட்டு ஹென்றி பீற்றோ என்பவர் 1732 இல் ஆற்று நீரின் வேகத்தை அளப்பதற்காகக் கண்டார். ஓட்டத்தை எதிர்நோக்கிய துளையில் அமுக்கம் மிகுதி. பக்கத்திலோ பின்புறத்திலோ உள்ள துளையிற் குறைவு. இவ்விரண்டின் வித்தியாசத்திலிருந்து வேகம் கணிக்கப்படும். வேகம் இரட்டித்தால் வித்தியாசம் நான்கு மடங்காகும். 150 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள புகை செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் ஓடும்போதும் அவ்வித்தியாசம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீர்மட்டமே. வேகம் பாதியானால் ஒரு மில்லிமீற்றர். எனவே மெல்லிய ஓட்டத்தில் இக்கருவி பிழைவிட இடமுண்டு.

நல்ல கருவியில் கவனிக்க வேண்டியவை சில. வாய்க்காலில் நடு நீர் விரைந்தும் கரையோர நீர் தாமதித்தும் ஓடுவதுபோலப் புகையும் ஓடுவதால், குறுக்கே நீண்ட குழாயிற் பல துளைகள் இருத்தல் நன்று. துளைகளைச் சாம்பல் அடைத்துவிடுமாதலால், அமுக்கிய காற்றால் இடையிடையே ஊதித் துப்புரவாக்கும் ஒழுங்கு வேண்டும். இவ்வொழுங்கில்லாத கருவியை உமி எரிக்கும் ஆலைக்கு வாங்குவது வீண் செலவென்பதே எமது கருத்து. சூடான புகை இலேசானது. ஆகவே வெப்பமும் உடன் அளக்கப்பட வேண்டும். குழாய் வளையும் இடத்தருகே பொருத்தினாற் சுழிகளால் அளவு கெடும். கருவி தன் அளவை 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்புகின்றது. ஓட்டமில்லை என்பதற்கு அடையாளம் 4; பூச்சியம் வந்தாற் கம்பி அறுந்ததென்று பொருள்.

ஆயினும் இக்கருவி புகைபோக்கிக்குள் நிகழ்வதை மட்டுமே காணும். புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாற்று நிலையமாக நிறைவுற்ற நிலக்கரி மின்நிலையத்தை அடுத்த தோட்டக்காரரின் முறைப்பாடு புகையைப் பற்றியது மட்டுமன்று. திறந்த வெளியிற் குவித்த நிலக்கரித் தூளையும் சாம்பலையும் காற்று அள்ளி வருவதைப் பற்றியதுமாகும். நமது ஆலைகளின் பின்புறத்து உமிச்சாம்பற் குவியலும் அத்தகையதே. கச்சான் வீசும் நாளில் இலையிற் படிவது குவியலிலிருந்தா, புகைபோக்கியிலிருந்தா என்று முதலிற் பிரித்தறிதல் அவசியம். ஆலை நின்ற நாளிலும் தூள் படிந்தாற் குவியலே காரணமாதல் கூடும். அதனை நனைத்து மூடிவைத்தல் பெருஞ் செலவன்று.

சிற்றாலைகளுக்கு நிலையான கருவி கட்டாயமாக வேண்டுமென நாம் கூறவில்லை. பயிற்சி பெற்றவர் கைப்பீற்றோக் குழாயாலும், நீர் நிரப்பிய வளைகுழாயாலும் காலத்துக்குக் காலம் அளந்தாற் போதும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ், புகைபோக்கிகள் போன்ற நிலையான மூலங்களின் வெளியேற்றத்துக்கான ஒழுங்குவிதிகள் 2019 இல் வெளியிடப்பட்டன.

முறைப்பாடு செய்ய விரும்பும் கமக்காரர், தூள் படிந்த நாள், நேரம், காற்றின் திசை, ஆலை இயங்கியதா என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கோ தமது பிரதேச சபைக்கோ எழுதுக. அளந்த அறிக்கை கிடைக்குமாயின், தூளின் செறிவுடன் வளியோட்டம், வெப்பம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்குக. வெளிக்காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 21 பங்கு. புகையிலும் அதனையொட்டிய அளவு காணப்பட்டால், கதவு எங்கோ திறந்திருக்கின்றது.